சுருங்கிய படம் விரியுமா?

1957-ம் ஆண்டு.

அமெரிக்காவில் இளம் தந்தை ஒருவர், தன் 3 மாதக் குழந்தையின் போட்டோவை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

கூட வேலை பார்ப்பவர்களிடம் காட்டுவதற்காக அல்ல. ஒரு யந்திரத்துக்குக் காட்டுவதற்காக!

அந்தத் தந்தையின் பெயர் ரசல் கிர்ஷ். வாஷிங்டன் நகரில் இருந்த சர்க்கார் ஆராய்ச்சி நிலையத்தில் அவர் என்ஜினீயர். அளவுகளையும் தரங்களையும் நிர்ணயம் செய்யும் நிலையம் அது. அங்கே "சீயாக்" என்ற கம்ப்யூட்டர் இருந்தது.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் மேஜைமேல் வைக்கிற பெட்டி அல்ல. ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்குத் தெரிந்தது கணக்கு மட்டும்தான். கூட்டும், கழிக்கும், பெருக்கும், வகுக்கும்.

"கணக்குப் போடும் யந்திரத்துக்குக் கண் கொடுத்தால் என்ன?" என்பதுதான் கிர்ஷின் யோசனை.

கொடுத்தார். அது முதலில் பார்த்த முகம், அவருடைய மகனின் முகம்!

இன்று கைப்பேசியில் நாம் எடுக்கும் படங்களுக்கெல்லாம் அதுதான் மூத்த படம்.

கட்டம் கட்டமாக...

போட்டோவை யந்திரம் எப்படிப் பார்த்தது?

அந்தப் போட்டோ 5 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம். அதை ஓர் உருளையில் சுற்றினார்கள். உருளை சுழன்றது. போட்டோமேல் வெளிச்சம் விழுந்தது. திரும்பி வரும் வெளிச்சத்தை, ஒரு மின்சாரக் கண் துளித் துளியாக அளந்தது.

வெளிச்சம் அதிகமாகத் திரும்பினால் அந்த இடம் வெள்ளை. குறைவாகத் திரும்பினால் கறுப்பு. இவ்வளவுதான் அந்தக் கண்ணுக்குத் தெரியும்.

குறுக்கே 176 கட்டம். நெடுக்கே 176 கட்டம். ஆக மொத்தம் 30,976 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்.

வெறும் கறுப்பு வெள்ளையாக இருந்தால் குழந்தையின் கன்னம் தெரியாதே! அதனால் அதே படத்தை வேறு வேறு அளவு வைத்துப் பல முறை பார்க்கச் செய்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்தபோது நடுவில் உள்ள சாம்பல் நிறங்களும் வந்தன. குழந்தை திரையில் சிரித்தது!

இந்தக் கட்டத்துக்குத்தான் இன்று "பிக்சல்" என்று பெயர். படத்தின் மிகச் சிறிய துணுக்கு என்று பொருள். அதற்குமேல் அதைப் பிரிக்க முடியாது.

படம் அல்ல, எண்கள்!

கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தை நாம் படம் என்று சொல்கிறோம். ஆனால் உள்ளே இருப்பது படம் அல்ல. வரிசை வரிசையாக எண்கள்!

இதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி உண்டு.

1965-ம் ஆண்டு ஜூலை மாதம். "மாரினர் 4" என்ற அமெரிக்க விண்கலம் செவ்வாய்க் கிரகத்தின் அருகே பறந்து போனது. போகிற போக்கில் படம் எடுத்தது. ஒவ்வொரு படத்திலும் குறுக்கே 200 கட்டம், நெடுக்கே 200 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் 0 முதல் 63 வரை ஓர் எண். அந்த எண்கள் ரேடியோ மூலம் பூமிக்கு வந்தன. ஒரு படம் வந்து சேர 8 மணி நேரம் ஆயிற்று!

கலிபோர்னியாவில் காத்திருந்த என்ஜினீயர்களுக்குப் பொறுமை இல்லை. யந்திரம் படத்தைத் தயார் செய்யட்டும் என்று உட்கார்ந்திருக்க அவர்களால் முடியவில்லை.

என்ன செய்தார்கள் தெரியுமா? எண்கள் அச்சான காகிதப் பட்டைகளைச் சுவரில் வரிசையாக ஒட்டினார்கள். வண்ணக் குச்சிகளை வாங்கி வந்தார்கள். இந்த எண்ணுக்கு இந்த நிறம் என்று வைத்துக்கொண்டு, குழந்தைகள் வர்ணம் தீட்டுவதுபோல் கையாலேயே தீட்டினார்கள்.

செவ்வாய்க் கிரகத்தை விண்கலம் அருகில் போய் எடுத்த முதல் படம் அப்படித்தான் மனிதர் கண்ணுக்குத் தெரிந்தது! அந்தச் சுவர்ப் படத்தைச் சட்டம் போட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள்.

எண்தான் படம். எண்ணை மாற்றினால் படம் மாறும். எண்ணை அழித்தால் படம் அழியும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபமாகப் புரியும்.

சிறிதாக்கினால் என்ன ஆகும்?

இன்றைய கைப்பேசி ஒன்றில் எடுத்த படம், குறுக்கே 4,000 கட்டம், நெடுக்கே 3,000 கட்டம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் கட்டங்கள். கிர்ஷின் குழந்தைப் படத்தைப்போல் சுமார் 390 மடங்கு!

இந்தப் படத்தைக் குறுக்கே 400, நெடுக்கே 300 என்று சிறிதாக்குகிறீர்கள். எத்தனை கட்டங்கள் இருக்கும்? 1 லட்சத்து 20 ஆயிரம்.

அதாவது, பழைய படத்தில் 100 கட்டங்கள் இருந்த இடத்தில் இப்போது ஒரே ஒரு கட்டம். அந்த 100 எண்களையும் கூட்டி, சராசரி எடுத்து, ஓர் எண்ணாகக் கம்ப்யூட்டர் எழுதிவிடுகிறது.

அந்த 100 கட்டங்களில் அம்மாவின் மூக்குத்தி இருந்திருக்கலாம். அப்பாவின் கண்ணில் தெரிந்த ஒளி இருந்திருக்கலாம். எல்லாம் சேர்ந்து ஒரே நிறமாகிவிட்டது.

நான்கு பேர் சம்பளத்தின் சராசரி ஆயிரம் ரூபாய் என்று ஒருவர் சொல்கிறார். அதை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு சம்பளம் என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. அதுபோலத்தான். சராசரியிலிருந்து பழைய எண்களைத் திரும்ப எடுக்க முடியாது.

இன்னொரு தவறும் பல வீடுகளில் நடக்கிறது. அகலத்தை மட்டும் குறைத்து, உயரத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மாப்பிள்ளை படம் ஒல்லிக்குச்சி ஆகிவிடுகிறது! அகலத்தில் பாதி குறைத்தால் உயரத்திலும் பாதி குறைக்க வேண்டும். அப்போதுதான் முகம் முகமாக இருக்கும்.

பெரிதாக்கினால்?

வீட்டில் பாட்டி காலமாகிவிட்டார். சட்டம் போட்டு மாட்ட ஒரு படம் வேண்டும்.

தேடுகிறார்கள். பேரனின் கைப்பேசியில் ஒரு படம் இருக்கிறது. கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படம். யாரோ எடுத்து, யாருக்கோ அனுப்பி, பல கைகள் மாறி வந்து சேர்ந்த படம். அதில் பாட்டியின் முகம் மட்டும் ஒரு சுண்டைக்காய் அளவு!

ஸ்டூடியோவுக்கு ஓடுகிறார்கள். "இதைப் பெரிதாக்கிக் கொடுங்கள்" என்கிறார்கள். ஸ்டூடியோக்காரர் பார்க்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார்.

"பெரிதாக்கலாம். பாட்டி தெரியமாட்டார். கட்டம்தான் தெரியும்" என்கிறார்.

அவர் சொல்வது உண்மை. பெரிதாக்கும்போது கட்டங்கள் அதிகம் வேண்டும். அந்தக் கட்டங்களில் எழுத எண்கள் வேண்டும். எண்களுக்கு எங்கே போவது?

கம்ப்யூட்டருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பக்கத்துக் கட்டத்தின் எண்ணை அப்படியே திருப்பி எழுதுவது. அப்போது படம் செங்கல் அடுக்கியதுபோல் தெரியும். மற்றொன்று, இரண்டு கட்டங்களுக்கு நடுவில் ஓர் எண்ணைக் கணக்குப் போட்டு எழுதுவது. 100-க்கும் 200-க்கும் நடுவே 150. அப்போது செங்கல் தெரியாது. ஆனால் படம் பனி மூடியதுபோல் மங்கலாக இருக்கும்.

இரண்டு வழியிலும் புதிதாக ஒன்றும் வந்துவிடவில்லை. உள்ளதையே பரப்பியிருக்கிறது. ஒரு கரண்டி மாவைப் பெரிய தோசைக்கல் முழுவதும் இழுத்ததுபோல!

ஃபிளெக்ஸ் வருவதற்கு முன், சென்னையில் சினிமா பேனர் வரைந்த ஓவியர்களை நினைத்துப் பாருங்கள். நடிகரின் சின்னப் போட்டோவில் கட்டம் போடுவார்கள். பெரிய பேனரிலும் அதே எண்ணிக்கையில் பெரிய பெரிய கட்டம் போடுவார்கள். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து வரைவார்கள். உள்ளங்கை அளவுப் படம், மாடி உயரத்துக்கு வளர்ந்து நிற்கும்! மங்காது!

அது எப்படி? ஓவியருக்குக் கண் என்றால் என்னவென்று தெரியும். மீசை எப்படி வளையும் என்று தெரியும். போட்டோவில் தெரியாததைத் தன் அறிவால் நிரப்பினார். பழைய கம்ப்யூட்டர் முறைகளுக்குக் கண்ணும் தெரியாது, மீசையும் தெரியாது. எண் மட்டும்தான் தெரியும்.

இப்போது செயற்கை அறிவு வந்திருக்கிறது. லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய கம்ப்யூட்டர், பேனர் ஓவியர்போல் தானே நிரப்பிக் கொடுக்கிறது. படம் பளிச்சென்று வருகிறது.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அந்தக் கண் இமை பாட்டியின் இமை அல்ல. அந்தச் சுருக்கம் பாட்டியின் சுருக்கம் அல்ல. யார் யாரோ முகங்களைப் பார்த்து, "இப்படித்தான் இருந்திருக்கும்" என்று யந்திரம் போட்ட ஊகம்! அழகாக இருக்கும். ஆனால் வீட்டில் உள்ளவர்களுக்கு, "ஏதோ ஜாடை தப்புகிறதே!" என்று தோன்றும்.

அண்ணன் தம்பி செய்த வேலை

படத்தைத் திருத்துவதும் எண்ணை மாற்றுவதுதான்.

இந்த வேலையை எல்லோருக்கும் எளிதாக்கியவர்கள், அமெரிக்காவில் ஒரு வீட்டுப் பிள்ளைகள். தாமஸ் நோல், ஜான் நோல். அவர்களுடைய தந்தை கல்லூரிப் பேராசிரியர். வீட்டின் அடித்தளத்தில் போட்டோ கழுவும் இருட்டறை வைத்திருந்தார். பிள்ளைகள் அங்கேயே வளர்ந்தார்கள்.

1987-ம் ஆண்டு தாமஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். அவருடைய கம்ப்யூட்டர் திரைக்குச் சாம்பல் நிறம் காட்டத் தெரியாது. சாம்பல் நிறத்தைக் காட்ட ஒரு சின்ன ஏற்பாடு செய்தார். ஜான் சினிமாவில் தந்திரக் காட்சிகள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தார். அவர் அதைப் பார்த்தார். "இதை விடாதே, பெரிதாக்கு" என்று தூண்டினார். அதுதான் 1990-ம் ஆண்டு பிப்ரவரியில் "போட்டோஷாப்" என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது!

அதில் நடப்பது என்ன? படத்தை வெளிச்சமாக்கினால், எல்லா எண்களும் கூடுகின்றன. கீறலை மறைத்தால், பக்கத்தில் உள்ள எண்கள் கீறல்மேல் வந்து உட்காருகின்றன. ஓரத்தை வெட்டினால், அந்த எண்கள் மறைகின்றன.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. சாதாரணமாக, ஒரு கட்டத்தின் எண் 0 முதல் 255 வரைதான் போகும். 0 என்றால் கறுப்பு. 255 என்றால் முழு வெள்ளை. படம் இருட்டாக இருக்கிறது என்று எல்லா எண்ணிலும் 60 கூட்டுகிறீர்கள். 200 என்பது 260 ஆக வேண்டும். ஆனால் இடம் இல்லை. 255-ல் நின்றுவிடும். 220-ம் 255-ல்தான் நிற்கும். வெள்ளைச் சேலையில் இருந்த மடிப்பும் சரிகைக் கோடும் ஒரே வெள்ளையாகிவிடும்! பிறகு 60-ஐக் கழித்தாலும் மடிப்பு திரும்பாது.

நகர்ந்த பிரமிடு

படத்தைத் திருத்துவதில் இன்னொரு தொல்லை, உண்மை தொலைந்து போவது.

1982-ம் ஆண்டு பிப்ரவரி. "நேஷனல் ஜியாகிரபிக்" என்ற புகழ் பெற்ற அமெரிக்கப் பத்திரிகையின் அட்டையில், எகிப்து நாட்டுப் பிரமிடுகள் வெளிவந்தன.

போட்டோக்காரர் எடுத்த படம் அகலப் படம். பத்திரிகையின் அட்டையோ உயரமானது. படம் பொருந்தவில்லை. என்ன செய்தார்கள்? கம்ப்யூட்டர் உதவியால் ஒரு பிரமிடை இன்னொரு பிரமிடின் அருகே நகர்த்திவிட்டார்கள்!

நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக அசையாமல் நின்ற பிரமிடு, ஓர் அட்டைக்காக அசைந்தது! விஷயம் வெளியே வந்தது. கண்டனம் எழுந்தது. பிற்காலத்தில் அந்தப் பத்திரிகையே, படத்தை மாற்றுவது கூடாது என்ற பாடத்தைக் கற்றுக்கொண்டதாக எழுதியது.

வீட்டுப் படத்தில் கீறலை மறைக்கலாம். தூசியைத் துடைக்கலாம். ஆனால் மூலப் படத்தையே மாற்றிவிட்டால், நாளைக்கு எது நடந்தது, எது நடக்கவில்லை என்று சொல்ல ஆள் இருக்காது.

எடையும் குறைகிறது

கட்டங்களின் எண்ணிக்கை குறைவது ஒன்று. எண்ணிக்கை மாறாமலே படத்தின் "எடை" குறைவது இன்னொன்று.

இதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் நம் பெங்களூரில் பிறந்தவர். நசீர் அகமது என்று பெயர். அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தார். 1972-ம் ஆண்டு தன் யோசனையை எழுதி, ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டார். "இது மிகவும் சாதாரணமாக இருக்கிறது" என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்!

அவர் மனம் தளரவில்லை. சம்பளம் இல்லாமலே கோடை விடுமுறையில் வேலை செய்தார். நடராஜன், ராவ் என்ற இருவருடன் சேர்ந்து, 1974-ம் ஆண்டு ஜனவரியில் அதை வெளியிட்டார். அவருடைய கணக்கை வைத்துத்தான் "ஜேபெக்" என்ற முறை அமைந்தது. 1992-ல் அது உலகப் பொது முறை ஆயிற்று.

குறுக்கே 8, நெடுக்கே 8 என்று 64 கட்டங்களைக் கம்ப்யூட்டர் ஒரு கூட்டமாகப் பார்க்கும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் மாற்றங்களை வைத்துக்கொள்ளும். தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். படம் பார்க்க அப்படியே இருக்கும். ஆனால் எடை பெரிதும் குறைந்துவிடும்!

இது பெரிய வரப்பிரசாதம். இது இல்லாவிட்டால் படங்களை இவ்வளவு சீக்கிரம் அனுப்ப முடியாது.

ஆனால் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் கழியும். சலவைக்குப் போட்ட துணிபோல! ஒருமுறை போட்டால் தெரியாது. பலமுறை போட்டால் சாயம் போகும்.

வீட்டில் செய்ய வேண்டியது

இவற்றை எல்லாம் தெரிந்துகொண்டு நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது: மூலப் படத்தில் கை வைக்காதீர்கள். ஒரு நகல் எடுங்கள். வெட்டுவது, சிறிதாக்குவது, நிறம் மாற்றுவது எல்லாம் நகலில் செய்யுங்கள். மனு போடுவதற்காகப் பிள்ளையின் படத்தை 50 கே.பி.க்குச் சுருக்கினால், வேறு பெயர் கொடுத்துச் சேமியுங்கள். பழைய படம் பழைய பெயரில் இருக்கட்டும்.

இரண்டாவது: முக்கியமான படத்தை அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். செய்தி அனுப்பும் செயலிகள் வழியிலேயே அதைச் சுருக்கிவிடும். "டாக்குமென்ட்" என்ற வகையில் அனுப்பினால், உள்ளது உள்ளபடி போய்ச் சேரும்.

மூன்றாவது: அச்சுப் போடும் முன் கணக்குப் பாருங்கள். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 கட்டம் வேண்டும் என்பது ஸ்டூடியோக்களின் வழக்கம். 4 அங்குலத்துக்கு 6 அங்குலப் படம் என்றால், 1,200-க்கு 1,800 கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காவது: பெட்டியில் பழைய காகிதப் போட்டோ இருக்கிறதா? அதைத் தூக்கி எறியாதீர்கள். மங்கிப்போன கம்ப்யூட்டர் படத்தைப் பெரிதாக்குவதைவிட, அந்தக் காகிதத்தை மறுபடி ஸ்கேன் செய்வது மேல். காகிதத்தில் இருப்பதை நிறையக் கட்டங்களில் பிடித்துக்கொள்ளலாம்.

கிர்ஷின் வருத்தம்

குழந்தைப் படத்தை யந்திரத்துக்குக் காட்டிய கிர்ஷ் என்ன ஆனார்?

2003-ம் ஆண்டு "லைப்" பத்திரிகை ஆசிரியர்கள், உலகத்தை மாற்றிய 100 போட்டோக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றில் அந்தக் குழந்தைப் படமும் ஒன்று!

ஆனால் கிர்ஷுக்கு ஒரு மனக்குறை இருந்தது. "ஏன் சதுரக் கட்டமாகப் போட்டோம்?" என்பதுதான் அது. அன்று சதுரம் சுலபமாக இருந்தது. சதுரமாகப் போட்டார்கள். உலகம் முழுவதும் அதையே பின்பற்றியது. படத்தைப் பெரிதாக்கினால் படிப்படியாகத் தெரிகிற செங்கல் ஓரங்கள், அந்தச் சதுரத்தின் பலன். அது முட்டாள்தனமான காரியம், அதனால் உலகமே கஷ்டப்படுகிறது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

சொல்லிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. பழங்காலத்தில் வண்ணக்கல் பதித்துச் சித்திரம் செய்தவர்களை நினைத்தார். அவர்கள் எல்லாக் கல்லையும் சதுரமாகவா வெட்டினார்கள்? முகத்தின் வளைவுக்கு ஏற்றபடி வெட்டினார்கள். அதேபோல், சதுரத்துக்குப் பதில் பல வடிவத் துணுக்குகளால் படம் அமைக்கும் முறையை 2010-ல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 80 கடந்துவிட்டது.

அந்த முறையைச் சோதிக்க ஒரு படம் வேண்டுமே? மறுபடியும் மகனின் படத்தையே எடுத்தார். 3 மாதக் குழந்தையாக இருந்த மகனுக்கு அப்போது வயது 53!

2020-ம் ஆண்டு ஆகஸ்டில், தன் 91-வது வயதில் கிர்ஷ் காலமானார்.

அந்தக் குழந்தைப் படத்தில் அன்று இருந்தது 30,976 கட்டங்கள். இன்றும் அவ்வளவுதான். எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வந்தாலும், அதில் உண்மையான ஒரு கட்டத்தைக்கூடச் சேர்க்க முடியாது.

ஆனால் அந்த 30,976-ம் அப்படியே இருக்கின்றன. ஒன்றுகூடக் குறையாமல் பத்திரமாக வைத்தார்கள்.

உங்கள் வீட்டுப் படங்களையும் அப்படி வையுங்கள். சுருக்குவது ஒரு நொடி. விரிப்பது யாராலும் ஆகாது!